சோப்பு போட்டுக் கழுவிய கலன்

அன்புள்ள அம்மா,

உன் கால் வீக்கம் வடிந்ததா? தம்பி சொன்ன பேச்சு கேட்கிறானா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஆலையில் கண்ணாடிக் கலனில் வெந்நீரோடு எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலக்கி, மருந்து சேர்ப்பார்கள். தண்ணீர் மெல்லப் பாலாக வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள் கொஞ்சமாகப் பிறந்து, பிறகு அவையே ஒரே அளவாக வளரும். சோப்பு பட்டாலோ பொடிப்பொடியாக ஏகப்பட்டது பிறந்துவிடும், எதுவும் வளராது. கலனை வெந்நீரில் மட்டும் கழுவச் சொல்லியிருந்தார்கள், ஏனென்று அப்போது சொல்லவில்லை. பிசுக்காக இருக்கிறதே என்று மனசு கேட்காமல், நீ பழக்கியபடி சோப்பு போட்டுவிட்டேன்.

"மகாராணிக்குச் சுத்தம் கேக்குதா? மொத்தமும் சாக்கடைக்குத்தான் போகுது!" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கலக்கும் வேலையைக் கற்றுத்தருவதாகச் சொன்னார்களே, அது இனி கிடையாதாம். இப்போது வெளியே கிடங்கில் மூட்டை அடுக்குகிறேன். கிடங்கிலிருந்து யாரையும் திரும்ப உள்ளே எடுத்ததில்லை என்கிறார்கள். நீ இதை மனசில் போட்டுக்கொள்ளாதே.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காதே அம்மா, கட்டி அவிழ்த்தது அப்படியே வரட்டும்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்