மாற்றியதாகச் சொன்ன பி.எஃப். பணம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வீட்டில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால் எழுதிச் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

வேங்கிக்கால் கடையில் ஊருக்கெல்லாம் வருமான வரிக் கணக்கு போடுகிறவள், நேற்று உங்களுடையதைத் திறந்தேன். "பழைய கம்பெனி பி.எஃப்.ப புது கம்பெனிக்கு மாத்திட்டேன், அதுல காட்ட ஒண்ணும் இல்ல" என்றீர்கள். மாற்றியிருந்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தப் பணம் மொத்தத்துக்கும் வரி பிடித்ததாக உங்கள் பெயரில் வருகிறது. ஐந்து வருடம் முடியுமுன் கையில் வாங்கினால்தான் பிடிப்பார்கள். வேலையில் இருப்பவருக்கு மொத்தமாகத் தரவும் மாட்டார்கள். இதைத் தினமும் நாலு பேருக்குச் சொல்கிறவள் நான். அதை எப்படி மறந்தீர்கள்?

போன மாதம் எதிர்வீட்டு சரசக்கா, "உன் வூட்டுக்காரரு பட்டப்பகல்ல கிரிவலப் பாதையில குந்தினு இருந்தாரும்மா" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். இன்னும் அவரோடு பேச்சில்லை.

இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். மழை பெய்த நாட்களில் எங்கே இருந்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

கணக்கில் 'எடுத்தது' என்றே போட்டுவிட்டேன். பொய் எழுதக் கை வரவில்லை. சாயங்காலம் அனுப்பும்போது உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரும். வருஷா வருஷம் செய்வதுபோல ஹாலிலிருந்து கத்தாதீர்கள். அடுப்படிக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து அந்த ஆறு எண்களையும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி