வடக்குக் குடாவில் குறுக்கே வந்தவர்

நவம்பர் 16, சனி
வில்லெட் ஏரி. காலையில் புல்லெல்லாம் உறைபனி. அந்தப் பெரிய ட்ரவுட் மீன் இன்னும் வடக்குக் குடாவில்தான் இருக்கிறது. மூன்றாவது வாரமாகப் பார்க்கிறேன். கரையிலிருந்து ஆறடி தள்ளித் தட்டைப் பாறையை ஒரு சுற்று, கோரைப்புல் ஓரம் ஒரு சுற்று. நாலு கிலோவுக்குக் குறையாது. டெஸ்ஸிடம் சொன்னேன். “பேர் வெச்சாச்சா?” என்றார். கட்டிய கணவன் கேட்கிற கேள்வியா இது?

நவம்பர் 23, சனி
ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

பதினோரு மணி. வெயில் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் அடிவரை தெரிகிறது. ஒரு மணி நேரமாக மண்டியிட்டு நகர்ந்து பாறைக்கு முப்பது அடியில் வந்துவிட்டேன். மீன் என் பக்கம் திரும்பி வருகிறது. அப்போது மேட்டின் மேல் ராய்ஸ். இருபத்திரண்டு வருடமாக ஏரிக்கரையில் எங்கள் வார இறுதி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தூண்டில் கோலைத் தூக்கி நான் போகும் திசையைக் காட்டினேன். எங்கள் கரையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வாயைத் திறந்து கத்துகிறவர்களை இங்கே யாரும் மதிப்பதில்லை. கோலைப் பார்த்தவர் பதிலுக்குத் தன் கோலைத் தூக்க வேண்டும். பிறகு எதிர்த்திசையில் போகலாம், பின்னால் வரலாம். முன்னால் மட்டும் இறங்கக் கூடாது. இந்த ஏரியில் இது தெரியாதவர்கள் கிடையாது.

ராய்ஸ் நேராக என் முகத்தைப் பார்த்தார். கோல் அசையவில்லை. இறங்கி வந்தார். எனக்கும் பாறைக்கும் நடுவே, முழங்கால் பூட்ஸோடு தண்ணீரில் சளக் சளக்கென்று! மீன் ஒரே பாய்ச்சல். போயிற்று.

அதற்குப் பிறகுதான் கத்தினேன். “யோவ் ராய்ஸ்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு சொன்னார்: “கரை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா, மார்லீன்?” சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

என்னிடம்! அந்த ஆள் இடுப்பு ஒடிந்து கிடந்த வருஷம் மூன்று மாதம் விறகு பிளந்து கொடுத்தது யாராம்? டெஸ்தான். ஆனால் டெஸ்ஸை அனுப்பியது நான்.

நவம்பர் 24, ஞாயிறு
மன்னிப்புக் கேட்டு வருவார் என்று சாயங்காலம் வரை வாசலையே பார்த்தேன். வரவில்லை. கண் எதிரிலேயே காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பெவ் மட்டும் கை அசைத்தாள். நான் அசைக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்தாள்? ஆனாலும் அசைக்கவில்லை.

நவம்பர் 27
புகார் எழுதிவிட்டேன். மீன்பிடிப்போர் சங்கத்துக்கு, இரண்டு பக்கம். டெஸ் படித்துவிட்டு, “ஒரு மீனுக்கா இவ்ளோ?” என்றார். மீனுக்கு இல்லை. மீன் நாளைக்கு வரும், வராமலும் போகும். முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் முன்னால் இறங்கினால், பிறகு கரையில் யாரை நம்பி மண்டியிடுவது? இது ஏன் இவருக்குப் புரியவில்லை? இவர் படகில் போய் மீன் பிடிக்கிற படகுக்காரர். படகுக்காரர்களுக்குக் கரையின் நியாயம் எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை.

டிசம்பர் 7, சனி
சங்கக் கூடத்தில் விசாரணை. செயலாளர் கிரேம் என் கடிதத்தை வாசித்தார். ராய்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவங்க கோலைத் தூக்கினதை நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துமா இறங்கினீங்க?”

“ஆமா. தெரிஞ்சேதான் இறங்கினேன். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டார்கள். இந்தப் பருவம் முழுக்க சங்கம் நடத்தும் எந்த மீன்பிடி நாளிலும் அவர் கலந்துகொள்ளக் கூடாது. செயற்குழுவிலிருந்தும் நீக்கம். பதினாறு வருஷம் உட்கார்ந்த நாற்காலி.

ஜெயித்துவிட்டேன். வரும் வழியில் பேக்கரியில் கறி அடைத்துச் சுட்ட பை வாங்கித் தின்றோம்.

டிசம்பர் 8
தூக்கம் வரவில்லை. ஒரு மீனின் எடையில் ஐம்பது கிராமுக்காக ஒரு மத்தியானம் முழுக்க வாதாடுகிற ஆள் ராய்ஸ். ஏன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை?

ஜனவரி 11, சனி
எங்கிருந்து தொடங்குவது!

வடக்குக் குடாவுக்குப் போனேன். மேட்டில் ஏறும்போதே பேச்சுக் குரல். கரையில் பேச்சுக் குரல்! யாரது விவஸ்தை கெட்டவர்கள் என்று எட்டிப் பார்த்தால் பெவ். இருபத்திரண்டு வருஷத்தில் காரை விட்டு இறங்காதவள், பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தே இருப்பவள், மேட்டு விளிம்பில் நின்று சொல்கிறாள்: “இடது கால் முன்னாடி கல்லு... இன்னும் கொஞ்சம்... ஆ, அங்கதான்.” கீழே ராய்ஸ் காலால் தடவித் தடவி நடக்கிறார்.

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு நேரே இறங்கிப் போனேன்.

“எப்பலேர்ந்து?”

பெவ் அழத் தொடங்கினாள். ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஆகஸ்ட்லேர்ந்து. நடுவுல கறுப்பா ஒரு மறைப்பு. ஓரத்துல தெரியுது. உன் மூஞ்சியைப் பாத்தா உன் காதுதான் தெரியுது.”

“அன்னிக்கு என்னைப் பாக்கவே இல்லையா?”

“நீ கத்தினப்பதான் தெரிஞ்சது.”

“அப்புறம் ஏய்யா பாத்தேன்னு சொன்னே?”

“பாக்கலைன்னு சொன்னா ஏன் பாக்கலைன்னு கேப்பாங்க. லைசென்ஸ் போயிடும். பெவ்வுக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் போனா ஏரியும் போச்சு.” கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: “முரடன்னு சொல்லட்டும். குருடன்னு சொல்ல விடமாட்டேன்.”

இரக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். போன தடவையை விடப் பத்து மடங்கு. ஊரிலிருந்து ஏரிக்கு எழுபது கிலோமீட்டர். பாதி மண் ரோடு. மரக்கட்டை ஏற்றிய லாரி எதிரே வருகிற ரோடு. பக்கத்தில் பெவ்வை உட்கார வைத்துக்கொண்டு! ஆகஸ்டிலிருந்து! அந்த ரோட்டில்தான் நாங்களும் போகிறோம். அவருடைய ஏரி ஆசைக்கு நாங்கள் எல்லோரும் சாக வேண்டுமா?

“ஒரு வாரம் டைம் தர்றேன். நீயாப் போய் லைசென்ஸைக் குடுக்கணும். இல்லைன்னா நான் போன் பண்ணுவேன்.”

“பண்ணு. புகார் எழுதறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே.”

சாவியைக் கையை நீட்டிக் கேட்டேன். தரவில்லை. பெவ் அவர் கோட்டுப் பையில் கைவிட்டு எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஊர்வரை அவர்கள் காரை நான் ஓட்டினேன், டெஸ் எங்கள் காரில் பின்னால் வந்தார்.

ஜனவரி 14
அவர்களிடமிருந்து போன் இல்லை.

ஜனவரி 16
போன் இல்லை. நானே எடுத்து அவர்கள் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன். என்னத்துக்கு எனக்கு இந்த வேலை?

ஜனவரி 17, வெள்ளி
பெவ் பேசினாள். “குடுத்துட்டார். வந்து ரெண்டு நாளா படுத்த படுக்கை. சாப்பிட மாட்டேங்கறார். உன் பேரைச் சொன்னா செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கறார்.”

நான் செய்தது சரி. நூறு தடவை கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். பிறகு ஏன் பாத்திரம் கழுவும்போது அழுதேன்?

ஜனவரி 25, சனி
காலை ஏழு மணிக்கு ராய்ஸின் ஊர் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தேன். திரை அசைந்தது. விடாமல் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து திட்டினார். பிறகு ராய்ஸ் வந்தார், தூண்டில் பெட்டியோடு.

“உன் தொல்லை தாங்காமத்தான் வர்றேன்” என்றார்.

“சரி, ஏறு” என்றேன்.

பிப்ரவரி 8
கிரேமிடம் சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ராய்ஸ் விடவில்லை. “சங்கத்து நோட்டுல எழுதினதை அடிச்சா, ஏன் அடிச்சோம்னு பக்கத்துல எழுதணும். அது இருக்கட்டும். உன் கையெழுத்து நல்லாத்தானே இருக்கு.”

நான் ஜெயித்த வழக்கு, தோற்கவும் விடமாட்டேன் என்கிறார். சரியான பிடிவாதக்காரர்! சத்தியமும் வாங்கிக்கொண்டார். கண் விஷயம் டெஸ்ஸுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாதாம்.

மார்ச் 1, சனி
காற்று இல்லை. வெயில் நன்றாக இருந்தது. நான் மேட்டில், அவர் கீழே. இப்போது நாங்கள் இரண்டு பேரும் கரையில் நாள் முழுக்கக் கத்துகிறோம்.

“கடியாரத்துல பதினோரு மணி முள் காட்டற பக்கம், இருபத்தஞ்சு அடி. உன்னைப் பாத்து வருது. இப்போ... வீசு!”

“சரியாச் சொல்லும்மா. போன தடவை புதருக்கு வீசச் சொன்னே.”

“புதர் நகரலை, நீதான் நகந்தே. வீசுய்யா!”

வீசினார். தூண்டிலில் கட்டிய பொய் ஈ தண்ணீரில் விழுந்த சத்தத்தை வைத்தே, “கொஞ்சம் கிட்ட விழுந்துடுச்சு” என்று அவரே சொன்னார். மீன் அங்கேயும் வந்து கவ்வியது. ஒன்றரைக் கிலோ பழுப்பு ட்ரவுட். முகத்துக்கு அருகில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கண் ஓரத்தால் நெடுநேரம் பார்த்தார். தண்ணீரில் விட்டார்.

அவர் கல்லில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மேட்டுக்கு வந்தாள். என்னை ஓரமாக அழைத்து மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, அந்த ஆளோட போறீங்களே... ஜாக்கிரதை. பாத்துக்கிட்டே முன்னாடி இறங்கற ஆளாம். சங்கத்து நோட்டுல எழுதியிருக்கு.”

கீழே ராய்ஸ் தேநீரை வாயருகே பிடித்தபடி அசையாமல் இருந்தார். காது இப்போது அவருக்கு ரொம்பக் கூர்மை.

“தெரியும்மா” என்றேன். “அதை எழுதினவ நான்தான்.”