சிரித்துக்கொண்டே சொன்னது

அப்பா,

இன்று காலை சித்தப்பா உங்கள் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நாளை உங்களுக்கு வருசத் திதி. ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் உங்களுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறான். நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். தலையைக்கூடப் படிய வாரியிருக்கிறான். நீங்கள் உயிரோடு இருந்தவரை இவர்களால் முடியாததை ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளைச் சட்டையில் உங்களை நான் பார்த்ததே இல்லை. நல்லூரில் நம் தையல் யூனிட்டுக்குத் திரும்பி வந்த எக்ஸ்போர்ட் டி-சர்ட்டுகள்தான் உங்களுக்கு எல்லா நாளும் உடுப்பு. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு, கிளியின் படம் கோணலாக அச்சான ஆரஞ்சு டி-சர்ட்டில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள், அத்தனை பட்டு வேட்டிகளுக்கு நடுவில். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, இதென்ன உடுப்பு என்று காதோடு கேட்டார். "வெளிநாட்டுக்காரனுக்குத்தான் கிளி கோணலாத் தெரிஞ்சுது. துணி நல்லாத்தானப்பா இருக்குது" என்றீர்கள். பெண் வீட்டாருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

அம்மா இறந்த பிறகு, இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி உறவு முழுக்க வந்து கூடத்தில் உட்கார்ந்தது. பொட்டைப் பிள்ளையை ஒற்றை ஆம்பளை எப்படி வளர்ப்பான் என்று கேட்டார்கள். நீங்கள் அவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்துக்கொண்டே, ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவனுக்கு இரட்டைச் சடை பின்ன வராதா என்றீர்கள். அதற்கும் சிரித்தார்கள். நன்றாகத்தான் பின்னினீர்கள். டீச்சர்களே யார் பின்னியது என்று கேட்பார்கள். நான் வயதுக்கு வந்தபோது சீரும் வேண்டாம், தனியாக உட்கார வைப்பதும் வேண்டாம் என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். மருந்துக் கடையில் நாப்கின் கேட்டபோது கடைக்காரர் அதைப் பேப்பரில் சுற்றப் போனார். சோப்பு வாங்கினாலும் இப்படி மறைத்துத்தான் கொடுப்பீர்களாக்கும் என்று கேட்டுவிட்டு, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தீர்கள். கடையிலும் சிரிப்புத்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் உங்கள் பலம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

யார் வீட்டு இழவுக்குப் போனாலும் பந்தலில் உட்கார்ந்து ஒன்று சொல்வீர்கள். "எனக்கு என்ற புள்ளதான் கொள்ளி வெக்கோணும். அவளுக்கு அடுப்புப் பத்தவெக்கத் தெரியாது. இதையாவது பழகட்டும்." வீட்டில் சமையல் உங்களுடையது என்பது எல்லாருக்கும் தெரியும். இழவு வீடென்றும் பாராமல் பந்தலே சிரிக்கும்.

போன வருசம் யூனிட்டில் கட்டிங் டேபிள் மேல் சாய்ந்த நீங்கள் எழவே இல்லை. அன்று நம் வாசலில் உங்களைக் கிடத்தியிருந்தபோது நான் அதைச் சொன்னேன். கொள்ளி நான்தான் வைப்பேன், அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றேன். அங்கே நின்ற அத்தனை பேரும் அதை உங்கள் வாயால் கேட்டவர்கள். சொல்லவில்லை என்று ஒருவர்கூட மறுக்கவில்லை. சித்தப்பா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அது அண்ணன் தமாசுக்குச் சொன்னது கண்ணு."

எல்லாரும் தலையாட்டினார்கள். சித்தப்பா மகன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான். பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்ள, உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போன கையோடு வாசலைக் கழுவிவிட்டார்கள். திரும்பி வந்த சித்தப்பா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று என்னிடமே சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் உங்கள் மேல். ஒரே ஒரு முறை முகத்தை இறுக்கிக்கொண்டு அதைச் சொல்லியிருக்கக் கூடாதா? கோணல் கிளியும் நான் வைக்க வேண்டிய கொள்ளியும் உங்களுக்கு ஒன்றா? சிரித்தால் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். காதில் வாங்காமல் இருக்கத்தான் அப்பா அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றதால் என் பள்ளிக்கூடம் தப்பித்தது, அவ்வளவுதான். நீங்கள் இல்லாத முதல் நாளே அவர்கள் இஷ்டத்துக்கு எல்லாம் நடந்தது. உங்களையே உங்கள் இஷ்டப்படி அனுப்பிவைக்க என்னால் முடியவில்லை.

இன்று சித்தப்பா கிளம்பும்போது, நாளைக்குத் தன் மகன் நேரத்தோடு வந்துவிடுவான் என்றார். வர வேண்டாம், திதி நான்தான் கொடுக்கப் போகிறேன் என்றேன். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் எள்ளும் தண்ணீரும் இறைப்பதைப் பார்த்தால் அதற்கும் ஒன்று சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இது எனக்காக.

"அண்ணனாட்டவே பேசறயே கண்ணு" என்று சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்பாவாட்ட இல்லீங்க சித்தப்பா. நான் தமாசுக்குச் சொல்லலீங்க."

எனக்கு அப்படியே உங்கள் முகம் என்று ஊரே சொல்லும். அந்த முகத்தில் எப்போது சிரிப்பு வரும் என்று பார்த்தபடியே சித்தப்பா நின்றார். நான் வரவிடவில்லை. அவர் சிரிப்பும் மெல்ல அடங்கியது. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில நாங்க எத்தன மணிக்கு வரோணும்?" என்று கேட்டார்.