பச்சைத் தாளின் துண்டுகள்

மார்ச் 3

மூன்றாம் மாடியின் பேரரசியும் திட்டப் பொறுப்பாளரும் என் அக்கா பெற்ற அதிசயமுமான மருமகளுக்கு,

கீழ்த்தளத்தில் சோதனைப் பிரிவு என்னும் சிற்றரசை ஆளும் தாய்மாமன் எழுதுவது. என் மின்னஞ்சலை நீ திறப்பதில்லை, ஆகவே காகிதம். நலமா என்று கேட்க மாட்டேன். கோபமாக இருக்கிறேன்.

ஜனவரியில் உன் சுவரில் அட்டவணை ஒட்டினாய். நிரல் எழுதுகிறவர்களுக்கு நீலத் தாள். கடைசியில் சோதனைக்குப் பச்சைத் தாள், ஆறு வாரம். மறுகரை தெரியாத சமுத்திரம்! நிரலாளர் தலைவர் இருக்கிறாரே, எப்போது முடியும் என்றால் ‘நாளைக்கு’ என்றே சொல்லி அதையே பேராக வாங்கிக்கொண்டவர், அவர் ஒரு வாரம் பிந்தினார். நீ கத்தரிக்கோலை எடுத்துப் பச்சையில் ஒரு வாரத்தை நறுக்கினாய். மறுபடி பிந்தினார், மறுபடி நறுக். மூன்றாம் முறையும் நறுக். தூங்கினவன் ஒருவன், தோப்புக்கரணம் போடுகிறவன் இன்னொருவனா?

மூன்று வாரத்தை உன் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

உன் மாமன்

மார்ச் 20

அன்புள்ள மாமா,

அம்மாவிடமும் புகார் போயிருக்கிறது. இரவுச் சாப்பாட்டில் எனக்கு விசாரணை நடந்தது.

நீலம் இன்னும் நீண்டுவிட்டது. உங்களுக்கு நான்கு நாள்தான். பச்சிளங்குழந்தைகளுக்கு மருந்து செலுத்தும் கருவி இது, எனக்கும் தெரியும். ஆனால் 28-ஆம் தேதி என்று மருத்துவமனைக்குச் சொல்லியாயிற்று. ‘சோதித்தேன், சரி’ என்ற படிவம் உள்ளே இருக்கிறது. தேதி இடத்தை வெறுமையாக விட்டு, இப்போதே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

இது என் முதல் திட்டம், மாமா. தவறினால் இரண்டாவது கிடைக்காது.

உங்கள் மருமகள்

மார்ச் 24

மருமகளே,

சோதனை தொடங்கியது இன்று காலை. என் காப்பி ஆறுவதற்குள் அகப்பட்டது.

நர்ஸ் குழந்தையின் எடையை ஐந்து கிலோ என்று தவறாக அடித்துவிட்டு மூன்று என்று திருத்தினால், திரையில் மூன்று வருகிறது. மருந்து ஐந்துக்கு ஓடுகிறது.

‘நாளைக்கு’விடம் காட்டினேன். “அதெல்லாம் யாரு சார் திருத்தப் போறாங்க?” என்றார். “தப்பா அடிக்காத விரலு உங்க வீட்ல எத்தனை வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? அந்தத் திரை ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அன்றைக்கே எனக்கு அரைநாள் கொடுத்திருந்தால், சரிசெய்வது பத்து நிமிட வேலை. இப்போது அதன் தலைமேல் இருபது திரை உட்கார்ந்திருக்கிறது. விருந்தாளி வாயில் வைத்த பிறகா உப்புப் பார்ப்பது? ஒவ்வொரு நீலத்தின் பின்னாலும் ஒரு பச்சை இருந்திருக்க வேண்டும். அந்த அட்டவணைக்கு நானும்தான் தலையாட்டினேன்; கடைசி வரை காலாட்டிக்கொண்டு இருக்கலாமே என்று. அந்தக் கோபம் என்மேல்.

படிவம் வெறுமையாகத் திரும்புகிறது. அந்தக் குழந்தையும் யாரோ ஒரு தாய்மாமனுக்கு மருமகள்தான்.

பொறுக்கிய துண்டுகள் அத்தனையும் உறையில் இருக்கின்றன. வேண்டுமானால் எறி.

உன் மாமன்

மார்ச் 27

மாமா,

மருத்துவமனைக்கு நானே போனேன். எடையைத் திருத்துவீர்களா என்று தலைமை நர்ஸிடம் கேட்டேன். “தினம் நாலு தடவை திருத்துவோம்மா” என்றார். என் முகத்தைப் பார்த்து நாற்காலி போட்டார்.

சரிசெய்ய ஒன்று, சோதிக்க ஆறு, ஆக ஏழு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். மேலிடம் திட்டத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டது. யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? ‘நாளைக்கு’விடம். உங்களுக்கு இரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதிக்கிறது.

அறையைக் காலிசெய்யும் முன் உங்கள் துண்டுகளை ஒட்டினேன், கடைசியில் அல்ல, ஒவ்வொரு நீலத்துக்கும் பின்னால். கோந்து காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அறைச் சாவியை அவரிடம் கொடுத்தேன். கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. இதோடு அனுப்பியிருக்கிறேன். சட்டைப் பையில் வைக்காதீர்கள், குத்தும்.

உங்கள் மருமகள்