நீ விட்டுவைத்த பாதி

நேற்று மலைக்கோயிலில் பேரனுக்கு மொட்டை. அவன் தலையில் பூசிய சந்தனத்தின் வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அடிவார மொட்டைக் கொட்டகையில் கத்தியோடு உட்கார்ந்திருந்த என் நண்பன் உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு குழறும். அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் கண்ணில் பழுது இல்லை.
2. நீ குடித்திருக்கவில்லை.
3. உன்னை வேலையிலிருந்து நிறுத்தியது மட்டும் சரி.

எண்பதுகளின் தொடக்கம். கழுத்தில் வந்த புற்றுக்கட்டிக்குச் சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தாய். கட்டி கரைந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கூடவே கரைந்ததை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அந்த ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் தன் பிள்ளையை உன் முன்னால், உன் முகம் பார்த்து உட்காரவைத்தார். மழித்துவிட்டு, “ஆச்சு, எழுந்திரு கண்ணு” என்றாய். பிள்ளையின் வலப்பக்கம் முழுக்க முடி.

“இன்னாய்யா, மீதிப் பாதிக்குத் தனியா துட்டா?”

“முடிச்சிட்டேங்க. நல்லாப் பாருங்க.”

“நான் பாக்கறது இருக்கட்டும். காலைலயே ஊத்திகினு வந்துட்டாம்பா.”

கொட்டகையே சிரித்தது. கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் உன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். அட்டையின் கடைசி வரிவரை தடுமாறியாவது படித்துவிட்டாய். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்: “கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு. தினம் எவ்ளோ குடிக்கிறான்?”

“குடிக்க மாட்டாங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். கண் நன்றாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தையை வைத்தே உன்னைப் பொய்யனாக்கினார்கள். இலையில் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமல் எழுந்ததற்கு, தன் சமையல் பிடிக்கவில்லை என்று உன் மனைவி அழுதார். நீ அவரைத் தேற்றினாய். உனக்குக் கோபமே வராதது எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை.

சென்னை டாக்டர்தான் கடைசியில் விளக்கினார். பலர் உடம்பில் சும்மா படுத்திருக்கும் ஒரு வைரஸ், எதிர்ப்புச் சக்தி போனதும் விழித்து மூளையை அரிக்குமாம். கண் பார்க்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் மூளைதான் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அதனால் இரண்டு கண்ணுக்குமே இடப்பாதி கிடையாது. மருந்தும் கிடையாது.

இதைக் குத்தகைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

“அப்போ மூள கெட்டுப்போச்சி. அவன் கைல கத்தியக் குடுக்கச் சொல்றியா?”

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷமும் வரவில்லை. அதனால்தான் மேலே மூன்றாவதை எழுதினேன்.

நீ என்ன செய்தாய்? தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவான என்னை உன் வீட்டு வாசலில் பிடித்து உட்காரவைத்து, வீட்டிலிருந்த பழைய கத்தியை எடுத்தாய்.

“பயந்துகினு உக்காராத. தாலுக்கா ஆபீஸ் மூள, பாதி போனாலும் யாருக்கும் தெரியாது.”

பாதி மழித்ததும் என் தலையை உள்ளங்கையால் தடவினாய். முடி தட்டுப்பட்ட இடத்தில் கை நின்றது.

“ஆங், இங்க நிக்கிது பார். திரும்பி உக்காரு.”

திரும்பி உட்கார்ந்தேன். மீதி முடி இப்போது உனக்குத் தெரிகிற பக்கம் வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லாமல் முடித்தாய்.

“இவ்ளோதான். எவனாவது ஒரு நிமிஷம் குடுத்தானா எனக்கு?”

அடுத்து உன் கை போயிற்று, பேச்சு போயிற்று. பொங்கலுக்கு நீ இல்லை.

இப்போதும் முடிவெட்டிக்கொண்டு எழும்போது என் வலப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். நேற்றுப் பேரன் தலையையும் தடவினேன். “இன்னா பெரியவரே, நம்பிக்க இல்லியா?” என்று கேட்டார் மழித்தவர்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அன்று அந்தப் பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.