பெரியவர் ஒளிஞ்ச வீடு

பிப்ரவரி 4

கண் டாக்டர் கையை விரிச்சுட்டாரு. என் பொண்டாட்டிக்கு ரெண்டாவது கண்ணும் அவ்வளவுதானாம். இனிமே சொட்டு மருந்துகூட வேணாம்னுட்டாரு. வெளிய வந்து அவகிட்ட, "விடுடி, இனிமே என் மூஞ்சிக்கு வயசே ஆகாது"ன்னேன். "அது ஆக வேண்டியதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு"ன்னா.

ரோட்டுல என் கையை நண்டு மாதிரி கவ்விக்கிட்டே வந்தா. நம்ம வாசப்படி மிதிச்சாளோ இல்லையோ, விட்டுட்டா. செருப்பை மூலையில கழட்டினா, தண்ணி மொண்டு குடிச்சா, அடுப்பைப் பத்த வச்சு டீ போட்டா. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து நடந்த தரை. காலே பாத்துக்குது, கண்ணு எதுக்கு?

வேணும்னே நடுவழியில காலை நீட்டி உக்காந்தேன். பக்கத்துல வந்து டக்குனு நின்னா. "பீடி நாத்தம் முன்னாடியே வந்துடுச்சு. மடக்குங்க காலை."

இந்த வீடு இருக்கிற வரைக்கும் இவளுக்கு ஒண்ணும் ஆகாது.

பிப்ரவரி 9

நம்ம பின்சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் செத்துப்போன ஜனாதிபதி பொறந்த வீடு. சுத்தி இருந்ததை எல்லாம் இடிச்சு, புல்லு போட்டு, நினைவுப் பூங்கான்னு கட்டி வருஷமாச்சு. இன்னைக்குத்தான் உள்ள போனேன். பெஞ்சுல பெரியவர் சிலையா உக்காந்திருக்காரு. பக்கத்துல உக்காந்து, "என்ன, பென்ஷன் வருதா?"ன்னேன். பதிலே இல்ல. பதவியில இருந்தப்பவும் அப்படித்தான்.

வழிகாட்டுற பொண்ணு ஒண்ணு, இடுப்புல மைக்கு மாட்டிக்கிட்டு ஒப்பிக்குது. படிச்சாரு, உழைச்சாரு, உயர்ந்தாரு. கூட்டம் கொட்டாவி விடுது. பாவமா இருந்துச்சு. என் வாய் சும்மா இருக்குமா?

"அவரு படிச்ச லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? அவங்கப்பா பெல்ட்டை எடுத்தா சுவரேறிக் குதிச்சு எங்க வீட்டுப் பரண்ல ஒளிஞ்சுக்குவாரு. எங்கம்மாதான் தட்டுல சோறு போட்டு மேல ஏத்தி விடும்"னேன்.

கொட்டாவி எல்லாம் பறந்துடுச்சு. என்னைச் சுத்தி நின்னு போட்டோ, வீடியோ! அம்மா மேல சத்தியமான்னு ஒருத்தன் கேட்டான். சத்தியம்னேன். அம்மா போய்ச் சேந்தாச்சு, அதுக்கு இனிமே என்ன கெடுதல் வரப் போகுது?

நெசம் என்னன்னா, சாக்கடைத் தண்ணித் தகராறுல எங்கப்பாவும் அவங்கப்பாவும் பேசிக்கிட்டதே இல்ல. பெரியவரு நம்ம வாசப்படியே மிதிச்சதில்ல.

"ஏன் இப்படிப் புளுகுறீங்க?"ன்னா இவ, வீட்டுக்கு வந்து சொன்னதும்.

"செத்தவரு வந்து மறுத்துப் பேசவா போறாரு?"

பிப்ரவரி 26

மைக்குப் பொண்ணு இப்பல்லாம் கூட்டத்தை வீட்டுக்கே கூட்டிட்டு வருது. பரணைக் காட்டுறேன். நாளுக்கு நாள் கதை வளருது. இன்னைக்குப் பெரியவருக்குப் பரண்ல தேள் கடிச்சுது. நாளைக்குப் பாம்பு.

இவளும் உஷாராயிட்டா. "பாத்து வாங்க, அங்க படி இருக்கு"ன்னு கண்ணு தெரியிறவங்களுக்கு இவ வழி சொல்றா. அவங்க போனதும் ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் இன்னைக்குத்தான் இவ சிரிச்சா.

மார்ச் 15

டேப்பு பிடிச்சுக்கிட்டு ஆளுங்க வந்தாங்க. குளியலறையைக்கூட அளந்தாங்க. "சட்டை தைக்கவா?"ன்னேன். ஒருத்தனும் சிரிக்கல.

மார்ச் 22

கவர்மெண்ட் கடுதாசி. பாதி புரியல. மைக்குப் பொண்ணை வாசலுக்குக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

"வரலாற்றுச் சிறப்பு உள்ள வீடாம் தாத்தா. பூங்காவோட சேக்கப் போறாங்களாம். உங்களுக்கு ஊருக்கு அந்தக் கோடியில நாலாவது மாடியில வீடு தராங்களாம்."

என்ன வரலாறு? எவன் வரலாறு? அது நான் சொன்ன பொய்யி!

மார்ச் 24

பூங்கா மேனேஜரைப் போய்ப் பாத்தேன். ஐயா, அத்தனையும் புளுகு, நான் வாய்க்கொழுப்பு எடுத்தவன், ஊர்ல யாரை வேணா கேளுங்கன்னேன். சிரிச்சாரு. வீடு போகுதுன்னா எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்களாம். போனை எடுத்துக் காட்டினாரு. அதுல நான் — நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, அம்மா மேல சத்தியம் பண்ணிக்கிட்டு.

"ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதுங்க"ன்னேன்.

"அதனாலதான் பெரியவரே, அங்க வந்து ஒளிஞ்சிருக்காரு. சண்டைக்காரன் வீட்டுல யார் தேடுவாங்க?"

அட, இது எனக்குத் தோணலையே. தோணியிருந்தா இதையும் சேத்துச் சொல்லியிருப்பேன்.

பொய்யை நம்பினாங்க. நெசத்தை அவரு டீ ஆறுறதுக்குள்ள தள்ளிட்டாரு. பொண்டாட்டிக்குக் கண்ணு இல்லைங்கன்னும் சொல்லிப் பாத்தேன். அங்க லிஃப்ட் இருக்குன்னாரு.

மார்ச் 25

இவகிட்ட சொன்னேன். சிரிச்சா! "நாலாவது மாடியா? ஏன், நிலாவுல இடம் காலி இல்லையாமா?"

கொஞ்ச நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் நிறுத்திட்டா. தடவித் தடவி என் மூஞ்சியைத் தொட்டுப் பாத்தா, நான் சிரிக்கிறேனான்னு.

ஏப்ரல் 19

மைக்குப் பொண்ணு, கதை பொய்யின்னு மேல இருக்கிறவங்ககிட்ட பேசிப் பாத்துச்சாம். போர்டுகூட எழுதியாச்சு, இனிமே வாயைத் திறந்தா உன் வேலை போயிடும்னாங்களாம். "நான் கூட்டத்தைக் கூட்டிட்டு வராம இருந்திருக்கலாம் தாத்தா"ன்னு அழுதுச்சு. போம்மா, போன்னேன்.

மே 11

நாலாவது மாடிக்கு வந்தாச்சு.

மே 13

இவ நெத்தி வீங்கிக் கிடக்கு. கதவைப் பாதியில திறந்து வச்சது நான்தான். பழைய வீட்டுல கதவு எப்படிக் கிடந்தாலும் இவ இடிச்சதில்ல.

ஜூன் 2

கட்டிலும் கழிப்பறையும்தான் இவளுக்கு இப்ப உலகம். சுவத்தைத் தடவிக்கிட்டே போறா, தடவிக்கிட்டே வரா. அடுப்புப் பக்கமே போறதில்ல. பரண் கதை மாதிரி இன்னொண்ணு எடுத்து விட்டேன். "தூக்கம் வருது"ன்னு திரும்பிப் படுத்துட்டா.

ஜூன் 18

"ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க"ன்னா. எங்கன்னு நான் கேக்கவே இல்ல.

டிக்கெட் எடுத்தோம், நம்ம வீட்டுக்குள்ள போக.

பின்சுவரை இடிச்சுப் புல்லு போட்டுட்டாங்க. வாசல் அதே வாசல். படியை மிதிச்சதும் என் கைய விட்டா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. நிமிந்து நடந்தா, கையை வீசி நடந்தா. கூடத்தைத் தாண்டி சமையலறைப் பக்கம் திரும்பினா.

டமால்னு சத்தம். காவல்காரன், "ஏம்மா, தொடாதீங்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தான்.

கண்ணாடிப் பெட்டி. ரெண்டு கையாலயும் மேலயும் கீழயும் தடவிப் பாத்தா.

"இது என்னங்க?"

"பெட்டி."

"உள்ள?"

"தட்டு."

"யாரோடது?"

எங்கம்மா பெரியவருக்குச் சோறு போட்ட தட்டுன்னு எழுதி வச்சிருக்கு. புதுத் தட்டு, கடையில வாங்கினது.

"யாரோடதும் இல்ல"ன்னேன்.

பரணுக்குக் கீழ மைக்குப் பொண்ணு கூட்டத்துக்குத் தேள் கடிச்ச கதை சொல்லிக்கிட்டு இருந்துச்சு. என்னைவிட நல்லாவே சொல்லுது. என்னைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. கூட்டம் மட்டும் சிரிச்சுது.

இவ காத்துல துழாவி என் கையைக் கண்டுபிடிச்சா. "போலாங்க."

பஸ்ஸுல வர வழியெல்லாம் திட்டுவா, திட்டுவான்னு பாத்தேன். திட்டலாமே. அம்மா மேல சத்தியம் பண்ண வாயி, நாலு அறை விட்டாலும் வாங்கிக்கும். இவ என் கையை விடாம பிடிச்சுக்கிட்டு வந்தா.

ஜூலை 6

"வாசல் எந்தப் பக்கம்?"னு காலையில கேட்டா. முன்ன மாதிரியா இருந்தா ஜன்னலைக் காட்டி அலைய விட்டிருப்பேன், துடைப்பத்தால அடியும் வாங்கியிருப்பேன். இடது பக்கம்னு சொல்லிட்டு, எந்திரிச்சுப் போய் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து வாசப்பக்கம் உக்கார வச்சேன்.

டீ நான்தான் போட்டேன். குடிச்சு முடிச்சு டம்ளரைக் கையில குடுத்தா. அப்புறம் என்னுதைக் குடிச்சப்பத்தான் தெரிஞ்சுது, ரெண்டுலயும் சர்க்கரையே போடல.