அந்தச் சின்னக் காரில் கேரவனைக் கட்டாதே

ஹார்லிங்கன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் யெல்மருக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகள் மரிட்டும் குட்டிப் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், நானும் பாதியில் அழுதுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடம், "எங்க சின்னக் காரே அந்தப் பெரிய கேரவன இழுத்துட்டுப் போச்சுடா, உன் காரு இழுக்காதா? தைரியமா கிளம்பு" என்று சிரித்தாரே, அதை நம்பிவிடாதே கண்ணா.

பழைய டீசல் வண்டி போனபின் வாங்கிய சின்னக் காரின் பின்னால்தான் போன வாரம் நம் கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, கட்டினார். உருளைக்கிழங்குப் பெட்டி, கூடாரம், தண்ணீர்க் கேன் எல்லாம் கேரவனின் பின்கோடியில், அதற்கும் பின்னால் இரண்டு சைக்கிள். கனமாக இருக்கிறதே என்றேன், "வாயக் கழுவு, கிளம்பறப்பவே ஆரம்பிக்காத" என்றார். தெரு தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே போகும் அணைச்சாலையில் ஏறியதும் ஏரிப் பக்கமிருந்து காற்று. ஒரு லாரி எங்களை முந்தியது, அது மறைத்திருந்த காற்று அது போனதும் மொத்தமாக அறைந்தது. கேரவன் ஒரு ஆட்டம் ஆடியது, அடுத்தது அதைவிடப் பெரிதாக, அப்புறம் காரையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணாடியில் பார்க்கிறேன், நம் கேரவன் எனக்குப் பக்கவாட்டில் வருகிறது யெல்மர். அப்பா பிரேக்கை மிதித்தார், இன்னும் மோசமானது. "விடுங்க, காலை எடுங்க" என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. அவர் காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்து, கேரவனின் பின்பக்கம் சாலையோரத் தடுப்புக் கம்பியில் உரசி நின்றது. சைக்கிள்கள் நடுரோட்டில். பின்னால் வந்த ஒரு பெண் சட்டென்று காரை நிறுத்தியதால்தான் அவளும் தப்பினாள்.

ரோந்து வண்டியில் வந்த அதிகாரி இரண்டின் எடையையும் கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "ஆட்ட விட்டு மாட்ட இழுத்திருக்கீங்களே ஐயா. இழுக்கறது பெரிசில்ல, அது ஆடினா பிடிச்சு நிறுத்தற கனம் காருக்கு வேணும்ல?" என்றார். வேறொரு வண்டி வந்துதான் கேரவனை வீட்டில் கொண்டுவந்து விட்டது.

அடுத்த மாதம் நீ மரிட்டின் சின்னக் காரில் அவள் மாமாவுடைய பழைய கேரவனைக் கட்டி மலைப்பாதையில் இறங்கப் போகிறாய், பின் இருக்கையில் குழந்தை. நினைத்தால் தூக்கம் வரவில்லை. உன் கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் பதிவுத்தாளிலேயே இருக்கும், பார். சாமான் ஏற்றிய கேரவனை எடைமேடையில் ஏற்று, அதன் எடை காரின் எடையைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டவே கட்டாதே, வேறு பெரிய கார் இரவல் வாங்கிக்கொண்டு போ. கனமானதைத் தரையோடு, சக்கரத்துக்கு மேலே வை, பின்கோடியில் வேண்டாம். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதே. அம்மா பயந்தாங்கொள்ளி என்று மரிட் சொன்னால் சொல்லட்டும்.

இவ்வளவு எழுதும்போது அப்பா உள்ளே வந்துவிட்டார். மறைக்கப் பார்த்தேன், தாளை வாங்கி முழுக்கப் படித்தார். சண்டைதான் என்று காத்திருந்தேன். தாளைத் திரும்ப என் முன்னால் வைத்துவிட்டு, "அது நிக்கறதுக்குள்ள நான் உன் பேரைத்தான் கூப்பிட்டேன் ஆல்ச்சே, உனக்குக் கேக்கல. நான் பயந்துட்டேன்னும் எழுது. அவன் உன் பேச்சைக் கேக்க மாட்டான், இதைக் கேப்பான்" என்றார். எழுதிவிட்டேன்.

மூவரையும் கடவுள் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். எடை பார்த்ததும் போன் செய், முதலில் அப்பாவிடம் பேசு.

உன் அம்மா,
ஆல்ச்சே